கிணறு ஊறும் வேகம்

செம்பாக்கம்
9 ஜூன் 2024

அன்புத் தம்பி அக்தருக்கு,

அக்கா மெஹர் பானுவின் ஸலாம். இங்கே நானும் உன் மச்சானும் எழுந்து நடமாடும் அளவுக்குச் சுகம். மச்சானுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. சொன்னால், அளக்கிற மெஷின் பொய் சொல்கிறது என்கிறார். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்த முகாமில் டாக்டர் என்று ஒருவர் உண்டா, இல்லை எல்லாருக்கும் ஒரே மாத்திரைதானா?

நீ சொன்னது சரி. நம் இரண்டு பேருக்கும் போன் ஒத்துவராது. மூன்றாவது நிமிஷம் நீ கத்துகிறாய், நான் கட் செய்கிறேன். இனி வெள்ளிக்கிழமை போனில் பெண்டாட்டி மஹீனோடும் மகள் ஆஃபியாவோடும் மட்டும் பேசு. நம் விஷயத்தைக் காகிதத்தில் வைத்துக்கொள்வோம். காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

லாரி ஸ்டிரைக்கைப் பற்றி நான் கேட்டது தப்பில்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். டீசல் விலைக்காக ஐந்து நாள் தண்ணீர் லாரிகள் ஓடவில்லை. உன் லாரிகள் இரண்டும் கோவிலம்பாக்கத்துக் கொட்டகையில் நின்றன. உரிமையாளர்கள் சங்கம் நிறுத்தச் சொன்னால் உன் டிரைவர் சேட்டு மட்டும் எப்படி ஓட்டுவான், தெரியும். ஆனால் எதிர்வீட்டுப் பட்டுவின் மகள் பிரசவமாகி வந்து நாலாவது நாள். குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு வாளி தண்ணீருக்குப் பட்டு மூன்று தெரு அலைந்தாள். ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற எலியேசர் சார் அன்றைக்குச் சொன்னார்: "நம்ம தெரு குடிக்கிறது தண்ணி இல்லம்மா, டீசல்." எனக்கு அது சுருக்கென்று இருந்தது.

காலி மனையில் சிமெண்டுப் பலகை போட்டு மூடிய பழைய கிணறு ஒன்று இருக்கிறதே, அதைத் திறக்கலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். பேச்சோடு நிற்குமோ என்னவோ. ஆஃபியா போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். ஒன்பது வயதுக்கு இவ்வளவு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

துஆவுடன்,
அக்கா

*

எண்ணெய் வயல் முகாம், ஓமான்
30 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் உயிரோடும் முதுகுவலியோடும் இருக்கிறேன். டாக்டர் இருக்கிறார். மாத்திரை ஒரே மாத்திரைதான். மச்சானிடம் மெஷினை மாற்றச் சொல், சர்க்கரையும் மாறிவிடும்.

இங்கே வெயில் ஐம்பதைத் தொடுகிறது. நாள் முழுக்க ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று இப்போது யார் என்ன சொன்னாலும் இரண்டு தடவை கேட்கிறேன். பூமியிலிருந்து எண்ணெய் எடுக்கிற இடத்தில் பம்பு ஓட்டவும் எண்ணெய்தான் எரிக்கிறோம். பதினோரு வருஷமாக இந்த வேடிக்கையைப் பார்க்கிறேன்.

இன்னும் ஒன்பது மாதம்தான் அக்கா. மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த இரண்டு வருஷத்துக்குப் புது ஃபார்ம் நீட்டுவார்கள், வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டேன். ஒரு லாரி சேட்டு ஓட்டட்டும், இன்னொன்றை நானே ஓட்டுகிறேன். உங்கள் பக்கத்து ஐந்து தெருவும் நம் லைன். அந்த ஐந்தும் கைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும், நான் ஊரோடு இருந்துவிடுவேன். ஆஃபியாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது என் வேலை, வேறு யாரும் தொடக்கூடாது.

கிணற்றுக் கதையைக் கேட்டு முதாசிர் சிரித்தான். நம் தாம்பரத்துப் பையன்தான், இங்கே மெஸ்ஸில் கணக்குப் பார்க்கிறான். "அந்த சங்கத்துல ஒரு பல்பு மாத்தவே மூணு மீட்டிங் போடுவாங்க பாய்" என்றான். பயப்படாமல் தூங்குகிறேன்.

தம்பி
அக்தர்

*

செம்பாக்கம்
4 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். எல்லோரும் நலம். மச்சானுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இப்போது மெஷின் உண்மை பேசுகிறதாம். நீ தலையில் ஈரத்துணி கட்டிக்கொண்டு வேலை செய்.

பதில் தாமதமாகிவிட்டது. பள்ளி அலுவலகத்தில் சேர்க்கை நேரம், மூச்சுவிட முடியவில்லை. வேறு காரணம் இல்லை.

கிணற்றைத் திறந்துவிட்டார்கள். முப்பத்தெட்டு அடி. உள்ளே இரண்டு சைக்கிள், ஒரு அம்மி, கணக்கில்லாத பிளாஸ்டிக். தூர் வாரினால் ஊற்று இருக்கும் என்று எலியேசர் சார் சொல்கிறார். மொட்டைமாடி மழைநீரையெல்லாம் கிணற்றுக்குத் திருப்பி, மேலே சோலார் போட்டு மோட்டார் ஓட்டலாம் என்று திட்டம். செயலாளர் அம்மாள் ஒருத்தி இருக்கிறாள், பிடித்தால் விடமாட்டாள். வீடு வீடாகப் போய்க் குழாயைத் திருப்ப வைக்கிறாள். யார் என்று கேட்காதே, ஊர்க்கதை எழுதினால் காகிதம் போதாது.

மஹீன் மெலிந்திருக்கிறாள். அவள் அம்மா வீட்டில் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் நீ வருகிற நாளைத்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

துஆவுடன்,
அக்கா

*

ஓமான்
1 செப்டம்பர் 2024

அக்கா,

ஸலாம். சுகம். முதுகும் நானும் சமாதானமாகப் போகிறோம்.

அந்தச் செயலாளர் அம்மாளின் பெயரை எழுது. முதாசிரிடம் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்தனுப்புகிறேன். வாய் நிறையத் தின்றால் கொஞ்ச நாள் பேசாமல் இருப்பாள். விளையாட்டுக்குத்தான். ஆனால் ஒன்று நிஜம். போன மாதம் லோடு குறைந்திருக்கிறது. சேட்டுவைக் கேட்டால் "ஆடி மாசம் பாய், அப்டித்தான் இருக்கும்" என்கிறான். ஆடி மாதத்தில் தண்ணீர் ஏன் குறைவாகச் செலவாகும்? கல்யாணம் இல்லாவிட்டாலும் ஜனங்கள் குளிப்பார்கள் அல்லவா?

நீ அங்கேதானே இருக்கிறாய். என்னவென்று பார்த்து எழுது.

அக்தர்

*

கோவிலம்பாக்கம்
13 அக்டோபர் 2024

அக்தர் பாய்க்கு சேட்டு வணக்கம். நான் சொல்லச் சொல்ல என் வூட்டுக்காரி தனம் எழுதினு கீது. நல்லா கீறீங்களா பாய்? நாங்க கீறோம். போன்ல எனுக்கு வாய் வராது, நீங்க கத்துனா நான் அழுதுடுவேன், அதான் லெட்டரு.

ஆடி மாசம்னு நான் சொன்னது பொய் பாய். மின்னாடி ஒரு நாளிக்கு பன்னண்டு நடை அடிச்சினு இருந்தேன். இப்போ மூணு. ஒரு வண்டிய எடுத்தே ஒரு மாசம் ஆவுது. உங்க அக்கா தெருவுல கெணத்த தூர் வாரி, சோலாரு போட்டு, மோட்டாரு வுட்டுட்டாங்கோ. அத்த பாத்துட்டு பக்கத்து தெரு நாலுலயும் கெணத்த தொறந்து எறைக்க ஆரம்பிச்சிட்டாங்கோ. தூர் வார சொல்ல சேத்துத் தண்ணிய அள்ள நம்ம லாரியதான் கூப்ட்டாங்க. எட்டு நடை அடிச்சேன். நம்ம வண்டிய வெச்சே நம்மள காலி பண்ட்டாங்க பாய், சிரிக்கறதா அழுவறதா தெர்ல.

உங்க அக்காதான் செக்ரட்ரி. உங்குளுக்கு தெரியும்னு நெனச்சினு இருந்தேன். மஹீன் அக்காவுக்கே தெரியாதாமே. அப்பதான் எனுக்கு பேஜாரா பூடுச்சி. உங்க அக்கா மேல கோச்சுக்காதீங்க பாய். அவங்க என்ன பாத்தா தலைய குனிஞ்சினு போறாங்க. நல்லவங்கோ.

தனம் எழுதுவது: இவர் சொல்லாததை நான் எழுதுகிறேன் அண்ணா. இவருக்கு முட்டி வீங்கிக் கிடக்கிறது. வேறு லாரிக்காரர்களிடம் கேட்டார், வயசான டிரைவர் வேண்டாம் என்றுவிட்டார்கள். உங்களிடம் சொல்ல வெட்கப்படுகிறார்.

*

செம்பாக்கம்
17 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். சுகமாக இருக்கிறாயா? உன் செப்டம்பர் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை, அதன் பிறகு உன் எழுத்தையும் காணவில்லை. வெள்ளிக்கிழமை மஹீனோடு பேசுகிறாய் என்று தெரிகிறது, அதனால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே நல்ல மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர் நிற்கவில்லை இந்த வருஷம். மொட்டைமாடித் தண்ணீரெல்லாம் கிணற்றுக்குப் போகிறது. பட்டுவின் பேரப்பிள்ளை குப்புற விழுகிறான். மச்சான் மழைக்கோட்டு வாங்கி, அதை நனையாமல் பத்திரமாக வைத்திருக்கிறார்.

லோடு ஏன் குறைந்தது என்று கேட்டிருந்தாய். விசாரிக்கிறேன்.

அக்கா

*

செம்பாக்கம்
29 டிசம்பர் 2024

அக்தர்,

ஸலாம். நீ சுகமா என்று கேட்கக்கூட இன்றைக்குக் கூச்சமாக இருக்கிறது. சேட்டு நேற்று தாம்பரம் மார்க்கெட்டில் என்னைப் பார்த்து, "அக்கா, அக்டோபர்லயே பாய்க்கு எழுதிட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டான். மன்னிக்க வேண்டியது அவன், கேட்க வேண்டியது நான்.

"அவர்கள்" என்று நான் எழுதியதெல்லாம் "நாங்கள்" என்று படித்துக்கொள். அந்தச் செயலாளர் அம்மாள் நான்தான். ஸ்டிரைக்கின்போது பட்டு காலி வாளியோடு திரும்பி வந்ததைப் பார்த்த அன்றைக்கே, இனி ஒரு லாரியை நம்பி இந்தத் தெரு இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். அது உன் லாரி என்று தெரிந்தேதான் செய்தேன். நீ ஒன்பது மாதம் என்று நாளை எண்ணி எழுதினாய். அதைப் படித்துவிட்டு அன்று சாயங்காலமே கூட்டத்துக்குப் போனேன். சொல்லிவிட்டுச் செய்திருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்தால் செய்ய மாட்டேன் என்று பயந்தேன். கிணறு தப்பில்லை, அக்தர். மறைத்தது தப்பு.

அல்லாஹ் உடனே கூலி கொடுத்துவிட்டான். மோட்டார் இரண்டாவது தடவை கருகிவிட்டது. வெளியிலிருந்து ஒரு கம்பெனிக்காரன் வந்து ஐந்து ஹெச்.பி. மோட்டார் போட்டான். எங்களுக்கும் பெரியதாக இருக்கட்டும் என்றுதான் தோன்றியது. முக்கால் மணி நேரத்தில் கிணறு அடிதட்டுகிறது, மோட்டார் வெறுமனே சுற்றிப் புகைகிறது. அவன் இப்போது போனே எடுப்பதில்லை. நேற்றுக் கூட்டத்தில், "பேசாம லாரியையே கூப்பிடுங்க மேடம்" என்று எல்லாரும் என் மேல் விழுந்தார்கள். மோட்டார் தெரிந்த ஒருவன் என் கூடப் பிறந்திருக்கிறான். அவனை மட்டும் நான் கேட்க முடியாதபடி நானே செய்துகொண்டேன்.

அக்கா

*

18 ஜனவரி 2025

நீங்கள் கிணற்றை லாரி மாதிரி நினைத்துவிட்டீர்கள். இருபது வருஷம் லோடு கணக்கில் தண்ணீர் வாங்கிய தெரு அப்படித்தான் நினைக்கும். லாரி வந்தால் அரை மணியில் தொட்டி நிறைய வேண்டும். அதே வேகத்துக்கு மோட்டார் வாங்கியிருக்கிறீர்கள். கிணறு கொடுக்கிற வேகத்துக்குத்தான் மோட்டார் வாங்க வேண்டும்.

முதலில் ஊறும் வேகத்தை அளக்கவும். ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டி இறக்கவும். கிணற்றைப் பாதி இறைத்து நிறுத்தவும். மணிக்கு எத்தனை முடிச்சு நனைகிறது என்று மூன்று நாள் எழுதவும். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை.

ஐந்து ஹெச்.பி.யைக் கழற்றி எறியவும். உங்கள் கிணற்றின் அகலத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரை போதும். வெயில் இருக்கிற நேரமெல்லாம் மெதுவாக ஓடட்டும். மேல்தொட்டியில் சேர்த்து வைத்து, சாயங்காலம் ஒரே நேரத்தில் எல்லா வீட்டுக்கும் திறந்துவிடவும். அடியில் எட்டு அடித் தண்ணீரை எந்த நாளும் தொடக்கூடாது. அந்த மட்டத்துக்கு வந்தால் தானே நிற்கிற சுவிட்ச் ஒன்று உண்டு, கட்டாயம் போடவும். ஒயர் இணைப்பைத் தண்ணீருக்குள் வைத்திருக்கிறான் என்றால் அவன் எலக்ட்ரீஷியன் இல்லை.

படம் வரைந்து பின்னால் வைத்திருக்கிறேன். முதாசிர் லீவில் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். சேட்டுவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும். அவனுக்குக் கை தெரியும்.

அக்தர்

*

செம்பாக்கம்
2 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். உன் கடிதத்தில் ஸலாமும் இல்லை, சுகமா என்று ஒரு வார்த்தையும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். பிறகு உன் படத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு ஒயருக்கும் எந்த நிறம் என்று எழுதியிருக்கிறாய். கோபமாக இருக்கிறவன் இவ்வளவு பொறுமையாகப் படம் போடுவானா? சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். மச்சான் சர்க்கரை குறைந்துவிட்டது என்று நினைத்து எனக்கு வெல்லம் கொடுத்தார்.

சேட்டு கயிறு விட்டு அளந்தான். முட்டியைப் பிடித்துக்கொண்டு மூன்று நாளும் அவனே வந்தான். மணிக்கு ஒன்றே கால் முடிச்சு. ஒன்றரை ஹெச்.பி. போட்டோம். பத்து நாளாகத் தடங்கல் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு வால்வைத் திறந்தால் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் போகிறது.

முந்தாநாள் கூட்டத்தில் எழுந்து எல்லார் முன்னாலும் சொன்னேன். நாம் நிறுத்தியது என் தம்பியின் லாரி, நம்மைக் காப்பாற்றிய படமும் அவனுடையது என்றேன். அப்புறம் எலியேசர் சார், "தண்ணிய யோசிச்சோம், ஆளை யோசிக்கலயேம்மா" என்றார். ஐந்து தெருவும் சேர்ந்து ஐந்து கிணற்றையும் பார்த்துக்கொள்ள ஒருவரை வேலைக்கு வைப்பதென்று தீர்மானம் போட்டார்கள். மாதச் சம்பளம். ஒருவருக்குத்தான் கட்டுப்படியாகும். எல்லாரும் உன் பெயரைச் சொன்னார்கள்.

புது ஃபார்மில் நீ இன்னும் கையெழுத்துப் போடவில்லை, மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது என்று மஹீன் சொன்னாள். போடாதே. மார்ச்சில் வந்துவிடு. லாரி போனால் போகட்டும், வேலை இங்கே காத்திருக்கிறது.

ஒன்று மறைக்காமல் எழுத வேண்டும், இனி அப்படித்தான். கூட்டம் முடிந்தபோது சேட்டு வாசலில் நின்றிருந்தான். "அந்த வேல பாய்க்குத்தானேக்கா? கரெக்ட்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போனான். லாரி நின்றால் அவனுக்கு வேறு இடமில்லை. ஆனாலும் நீ என் தம்பி. நீ வா.

முதாசிர் இன்றைக்குக் கிளம்புகிறான். பதிலைச் சீக்கிரம் எழுது.

அக்கா

*

ஓமான்
8 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். மச்சான் சுகமா? நீ சுகமா? பட்டு அக்காவின் பேரன் தவழ்கிறானா? போன கடிதத்தில் விட்டதையும் சேர்த்து இப்போது கேட்டுவிட்டேன். பேரீச்சம்பழத்தையும் அனுப்புகிறேன், செயலாளர் அம்மாளே தின்னட்டும்.

கோபம் இருந்தது. இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஒன்றரை மாதம் உன் நவம்பர் கடிதத்தைத் திறக்காமல் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். பிறகு மோட்டார் கருகிய கடிதத்தைத் திறந்தேன். ஐந்து ஹெச்.பி. என்று படித்ததும் உன் மேல் இருந்த கோபமெல்லாம் அந்தக் கம்பெனிக்காரன் மேல் போய்விட்டது.

வேலையைப் பற்றி. நீ கொஞ்சம் தாமதம் அக்கா. சேட்டு கடிதம் வந்த அன்றைக்கே ஆத்திரத்தில் புது ஃபார்மில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அக்டோபரிலேயே. மஹீனிடம் சொல்லப் பயந்து இன்னும் போடவில்லை என்று இழுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம், மாற்ற முடியாது. என் அவசர புத்தி, அதற்கு உன் மேல் பழி இல்லை. அந்த வேலையைச் சேட்டுவுக்குக் கொடு. கயிறு அளக்கத் தெரிந்துவிட்டது, மற்றதை நான் படம் போட்டு அனுப்புகிறேன். எனக்கு இங்கே ஒரு கட்டிலும் ஜெனரேட்டரும் இருக்கின்றன. அவனுக்கு அங்கே முட்டிவலிதான் இருக்கிறது.

ஒரு லாரியை விற்றுவிடுங்கள். மற்றது இருக்கட்டும். மழை பொய்த்த வருஷம் கிணற்றுக்காரர்களும் லாரியைத் தேடுவார்கள்.

ஆஃபியாவிடம் வெள்ளிக்கிழமை நானே சொல்கிறேன். நீ சொல்லாதே.

தம்பி
அக்தர்

*

செம்பாக்கம்
9 மார்ச் 2025

அன்புத் தம்பி அக்தருக்கு,

ஸலாம். நோன்பு ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. மச்சான் டாக்டர் பேச்சைக் கேட்காமல் நோன்பு வைக்கிறார். நான் தினமும் சண்டை போடுகிறேன். மற்றபடி எல்லாரும் சுகம். நீ அந்த வெயிலில் நோன்போடு நிற்கிறாயே, அதை நினைத்தால்தான் தண்ணீர் இறங்கவில்லை.

நீ சொன்னபடி சேட்டுவுக்குத்தான் வேலை. போன ஒன்றாம் தேதியிலிருந்து ஐந்து கிணற்றையும் பார்க்கிறான். தனம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

ஆஃபியாவிடம் சொன்னாயாம். அவள் அழவில்லை என்று மஹீன் சொன்னாள். "அத்தா வர்றப்போ எனக்கு எவ்ளோ வயசு?" என்று மட்டும் கேட்டாளாம். பன்னிரண்டு நடக்கும். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், வேறு விடை வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மஹீன் உன் புது ஒப்பந்தத்தைப் போனில் காட்டினாள், நீ அவளுக்குப் படம் எடுத்து அனுப்பினாயே, அதைத்தான். உன் கையெழுத்துக்குக் கீழே உன் கையாலேயே தேதி போட்டிருக்கிறாய். ஏழு பிப்ரவரி. முதாசிர் என் கடிதத்தை ஐந்தாம் தேதி உன்னிடம் கொடுத்ததாக எனக்குச் செய்தி அனுப்பியிருந்தான். அக்டோபரில் நீ ஒன்றிலும் கையெழுத்துப் போடவில்லை. வேலை இருக்கிறது என்று தெரிந்து, வீட்டுக்கு வரலாம் என்று தெரிந்து, சேட்டுவைப் பற்றிப் படித்து, இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போட்டிருக்கிறாய். பிறகு நான் உடைந்துபோகக்கூடாதென்று அவசர புத்திக்காரன் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டாய்.

உனக்குப் பொய் சொல்ல வராது, தம்பி. எனக்குத்தான் வரும்.

மஹீன் தேதியைக் கவனிக்கவில்லை. அவளிடம் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். கணவன் ஆத்திரத்தில் போட்டுவிட்டான் என்று அவள் உன்னை ஒரு மாதம் திட்டுவாள். தெரிந்தே போட்டான் என்றால் என்ன செய்வாளோ எனக்குத் தெரியவில்லை. அது நீ ஊருக்கு வந்து, அவள் முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டியது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஏழு மாதம் உன்னிடம் மறைத்தேன். இனி இரண்டு வருஷம் உனக்காக மறைக்கிறேன்.

இன்றைக்குச் சாயங்காலம் சரியாக ஐந்துக்குச் சேட்டு வால்வைத் திறந்தான். தெரு முழுக்க வாளிச் சத்தம். நான் மட்டும் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். கை வரவில்லை, அக்தர். இந்தத் தண்ணீர் எதற்குப் பதிலாக வருகிறது என்று எனக்குத்தானே தெரியும். மச்சான் உள்ளேயிருந்து, "இன்னாம்மா, தண்ணி வந்துச்சா இல்லயா?" என்று குரல் கொடுத்தார். வந்துவிட்டது என்றேன். குழாயைத் திறந்து குடத்தை வைத்தேன். நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

உன் அக்கா
மெஹர் பானு